ஜிம்மிக்கு ஊசி வேண்டுமா?

தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவின் கிள்ளானில், தாமான் என்று சொல்லும் வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எங்களிடம் ஜிம்மி என்று ஒரு பெண் நாய் இருந்தாள். முந்தைய ஆண்டு தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்புவதற்குள் அவள் முகமெல்லாம் வீங்கி, காரிலேயே துவண்டு விழுந்துவிட்டாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளினிக்குக்கே ஓடியதால் பிழைத்தாள்.

மறுபடியும் ஊசி போடும் மாதம் வந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் நாய்களைக் கொல்லும் பார்வோ நோய் பரவியது. எதிர்வீட்டு அக்காவின் நாய்க்குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. "ஊசி போடலைன்னா உங்களதும் போயிடும் லா" என்றார் அக்கா. போட்டாலும் போய்விடுமே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. கிளினிக்கில்கூட, பின்னால் வந்தவர்களை முன்னே விட்டுவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

ஊசி போட ஜிம்மியைக் கூட்டிப்போன அன்று இருந்தவர் புதிதாக வந்த டாக்டர், இளம் தமிழ்ப் பெண். போன வருடக் கதையைக் கேட்டதும் கையில் எடுத்த மருந்தைத் திரும்ப வைத்துவிட்டார்.

"ஆன்டி, ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா? பழைய ஊசியால வந்த எதிர்ப்புச் சக்தி உடம்புல இன்னும் இருந்துச்சுன்னா, இந்த வருஷம் ஊசியே வேணாம்."

எப்போதோ போட்ட ஊசி இன்னும் வேலை செய்கிறதா என்று ரத்தம் சொல்லுமா? ஆச்சரியத்தில் கூச்சம் மறந்துபோனது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டாக்டரிடம் நானாகக் கேள்வி கேட்டேன். "அப்ப எல்லா நாய்க்கும் முதல்ல இப்படிப் பார்த்துட்டா என்ன டாக்டர்?"

அவர் சிரித்தார். "நல்லாக் கேட்டீங்க ஆன்டி. ரத்தம் வெளிநாட்டு லேப்புக்குப் போகணும், பதில் வர வாரக்கணக்காகும். ஊசின்னா இப்பவே முடிஞ்சிடும். அதோட எலிக் காய்ச்சல் மாதிரி சிலதுக்கு இந்த டெஸ்ட்டை நம்ப முடியாது. பார்வோவுக்கு நம்பலாம்."

பதில் வரும்வரை ஜிம்மியை வாசல் கேட்டுக்கு வெளியே விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

மாலையில் நான் சமையலறையில் இருந்தபோது கணவர் வேலை முடிந்து வந்தார். ஜிம்மியின் முன்னங்காலில் பிளாஸ்டரைப் பார்த்தவர், வழக்கம்போல் அவளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, "எதிர்வீட்டு வாசலை விட்டு நகர மாட்டேங்கிறா, அப்படி மோந்து பார்க்கிறா" என்று சிரித்தார்.

கையிலிருந்த கரண்டியோடு வெளியே ஓடி வந்தேன். "ஏங்க வெளிய கூட்டிட்டுப் போனீங்க?"

"ஊசிதான் போட்டாச்சே!"

"ஊசி போடலைங்க. ரத்தம் எடுத்தாங்க."

"ரத்தமா? நாய்க்கு என்ன, சக்கரை வியாதியா?"

விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுபோனது. நாங்கள் இருவரும் ஜிம்மியின் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவினோம். பிறகு காத்திருந்தோம். ஒரு வேளை சோற்றை அவள் முகர்ந்துவிட்டு நகர்ந்தாலும், நான் அவள் மூக்கைத் தொட்டுப் பார்ப்பேன். காலையில் தேநீர் குடிப்பதற்கு முன், கணவர் தோட்டத்தில் குனிந்து அவள் மலத்தைப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

நோய் வரவில்லை. பயப்பட வேண்டிய நாட்கள் எல்லாம் கடந்துபோன பிறகுதான் டாக்டரின் போன் வந்தது. "பார்வோவுக்கு எதிர்ப்புச் சக்தி நிறையவே இருக்கு ஆன்டி. ஊசி வேணாம்."

ரிசீவரை வைத்துவிட்டு ஜிம்மியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உயிரை எடுக்கப் பார்த்த அதே ஊசிதான், ஒன்றும் தெரியாமல் எதிர்வீட்டு வாசலில் நின்றவளைக் காப்பாற்றியும் இருக்கிறது. அவள் என் மடியில் வந்து படுத்தபோது, இதெல்லாம் இந்தச் சின்ன உடம்புக்குள்ளா நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போதும் எந்த கிளினிக்குக்குப் போனாலும் கடைசி நாற்காலியில்தான் உட்காருகிறேன். ஆனால் என் முறை வந்ததும், மனதில் இருக்கும் ஒரு கேள்வியையாவது கேட்காமல் எழுந்து வருவதில்லை.