ஹெல்மெட்டில் பிச்சிப்பூ

வெள்ளிக்கிழமை தலையில் பூ இல்லாமல் நான் வீட்டுப்படி இறங்குவதில்லை. நாற்பத்தைந்து வயதில், அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ஒரு பெண்ணிடம் குதிரையேற்றம் கற்கப் போனபோதும் அப்படித்தான்.

"கொண்டையும் பூவுமா இருந்தா ஹெல்மெட் தலையில உக்காராதுக்கா. ஹெல்மெட் இல்லாம குதிரையில ஏத்த மாட்டேன்" என்றாள் அவள், கறாராக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் தலை, யார் பூ? முணுமுணுத்துக்கொண்டே கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னினேன். ஆனால் பிச்சிச் சரத்தை விடவில்லை. ஹெல்மெட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி கிளம்பினேன்.

வாய்க்கால் ஓரத்தில் போகும்போது வயலிலிருந்து ஒரு மயில் படபடவென்று எழும்பியது. குதிரை மிரண்டு விலக, நான் கீழே விழுந்தேன். படித்துறைக் கல்லில் தலை 'டங்'கென்று மோதியது. வலிக்கவே இல்லை.

அவள் ஓடிவந்து என்னை உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். அதன் பின்பக்கம் நெடுக விரிசல். பார்த்ததும் என் பின்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அதற்குள் குதிரை ஒன்றுமே நடக்காதது போல வந்து, குனிந்து, சரத்தை மென்று தின்ன ஆரம்பித்தது.

"ஐயோ, என் பூ!" என்று கத்தினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பூ போனா போட்டும்க்கா. வைக்கதுக்குத் தலை இருக்குல்லா!"