கெடா கழுத்தில் மொனாக்கோ காசு

ஐம்பதுகளில் அய்யலூர் சந்தையில் ஓர் ஆட்டுத் தரகரைப் பார்த்தேன். நிமிர்ந்த கழுத்தில் அவரும் அவர் கெடாவும் ஒரே ஜாடை. கெடா கழுத்தில் தொங்கியதைக் கண்டதும், நாணயம் சேர்க்கும் கிறுக்கனான நான் ஆடிப்போனேன். ஐரோப்பாவில் மொனாக்கோ என்னும் குட்டி சமஸ்தானத்தின் முந்நூறு வருஷத்து வெள்ளிக்காசு!

“என்ன விலை?” என்று கழுத்தைக் காட்டினேன்.

அவர் சந்தை வழக்கப்படி துண்டைப் போர்த்தி, அதற்குள் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். ஒன்றும் விளங்காமலே பெரிய மனிதனாகத் தலையாட்டினேன். நான் நீட்டிய பணத்தில் வேண்டியதை எண்ணி எடுத்துக்கொண்டவர், காசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கெடாவை என்னிடம் நீட்டினார்.

“காசு எங்கய்யா?”

“சந்தையில ஆட்டுக்குத்தான அப்பு வெல பேசுவாக! இது ராசா மூஞ்சி போட்ட காசு. இதக் கட்டுன கெடா எதுவும் தல குனிஞ்சதில்ல. குடுப்பேனா?”

எங்கோ மொனாக்கோவை ஆண்ட இளவரசருக்கு எங்கள் அய்யலூரில் இம்புட்டு மரியாதை! காசு போன பின்னும் கெடா நிமிர்ந்தே நடந்தது. கயிற்றைப் பிடித்துப் போன நானும், ஏமாந்தவன் என்ற நினைப்பே இல்லாமல், நிமிர்ந்துதான் நடந்தேன்.