ஒரு அங்குலத் தண்டவாளம்

அந்தக் கிணறு இடிந்து கிடந்ததைப் பார்த்தேன். மழையில் சரிந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். மழை மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை. இடித்தது நான்தான்.

அறுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியராக இருந்தேன். திருச்சுழிப் பக்கம் புது ரயில் பாதை வரப்போகிறது என்று சர்வேக் கல் நட்டிருந்தார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கல் கல்லாகப் போய் அளந்து, பள்ளிக் கண்காட்சிக்கு அந்தப் பாதையை மாதிரியாகச் செய்தேன். ஒரு அடிக்கு ஒரு பர்லாங், அதாவது அறுநூற்று அறுபது அடி என்பது கணக்கு. கண்மாய், ஓடை, கிணறு எல்லாவற்றையும் அந்த அளவில் பலகையில் பிசகாமல் வைத்தேன்.

தண்டவாளத்தில்தான் சிக்கல் வந்தது. மீட்டர் கேஜ் என்பது மூன்றேகால் அடி அகலம். என் கணக்குப்படி செய்தால் இரண்டு கம்பிக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையாது. அப்படி ஒரு ரயிலை யார் பார்ப்பார்கள்? எனக்கு ஊரே மெச்ச வேண்டும். குடைக்கம்பிகளை ஒரு அங்குல இடைவெளியில் பதித்தேன். தீக்குச்சிகளைக் குறுக்கே கட்டையாக அடுக்கினேன். கீழே கரிசல் மண்ணைக் குழைத்து மூன்று அங்குல அகலத்துக்குக் கரை போட்டேன். தகர எஞ்சின் அதன் மேல் ஜம்மென்று நின்றது.

சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பருத்தி விதைக்கும் சம்சாரி ஒருவர் மட்டும் பலகையை விட்டு நகரவில்லை. தன் நிலத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கிணறு என் கரைக்கு அடியில் பாதி புதைந்திருந்தது.

விருதுநகரில் தான் பார்த்த ரயில் கரைக்கு இவ்வளவு இடம் பிடிக்கவில்லையே என்று மெதுவாகக் கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் என்னைக் கேள்வி கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அது மேட்டு நிலம், இது பள்ளம், கரை அகலமாகத்தான் வரும் என்று அடித்துச் சொன்னேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

"அளவு தப்பாதுல்ல சார்?" என்றார்.

"ஒரு நூல் பிசகாது" என்றேன்.

அடுத்த மழைக்காலம் முடிந்து, பாதைக்குக் கரை எழும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். என் மாதிரி எப்படிப் பலித்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை. கரை எங்கோ ஒல்லியாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியைத் தாராளமாகத் திருப்பலாம். கிணறோ வெறும் சேற்றுக் குழியாகக் கிடந்தது.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஒரு அங்குலத்துக்கு ஐம்பத்தைந்து அடி. மூன்று அங்குலக் கரை என்றால் நூற்று அறுபத்தைந்து அடி. இந்தப் பெருக்கலை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா, பாவி?

அந்தச் சம்சாரி கரையில் கூலிக்கு மண் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டு வந்தார். ஆபீசர் வந்து நிலத்தை ரயிலுக்கு என்று எழுதிவிட்டால் ஒரு கல்லைக்கூட எடுக்க விடமாட்டார்கள் என்று பயந்து, கண்காட்சி முடிந்த வாரமே கிணற்றின் உள்கட்டுக் கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டாராம். அந்தக் கல்லை வைத்துக் கட்டலாம் என்று நிலத்தின் மறுகோடியில் புதுக்கிணறு தோண்டினாராம். பாறை வந்தது, தண்ணீர் வரவில்லை. கல்கட்டு இல்லாத பழைய கிணறு முதல் மழைக்கே சரிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

என் தப்பைச் சொன்னேன். ரயில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதை மட்டும் பெரிதாகச் செய்தேன், நிலம் சரியான அளவு, ரயிலும் கரையும் அந்த அளவில் இல்லை என்றேன். அவர் கரையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

"நான் கேட்டது கரையத்தான சார்" என்றார்.