ரேமில் வைத்த சிவப்புப் பொட்டு

ஆரையம்பதியில் உள்ள என் கடையில் கல்யாணக் கார்டு அடிக்கும் பழைய மென்பொருள், திறக்கும்போதே ‘நினைவகம் போதாது’ என்று அடம்பிடித்தது. கணினியைக் காத்தான்குடியில் திருத்துகிற, நான் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரும் கார்டு அடிப்பவர். உள்ளே இருக்கும் நல்ல நினைவக அட்டையை, அதாவது ரேமை, கழற்றிவிட்டுப் பழுதானதைப் போட்டுத் தந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கொடுக்குமுன் மனைவியின் நகப்பூச்சால் என் ரேமில் சிவப்புப் பொட்டு வைத்தேன்.

மறுநாள் போனதும் பொட்டைத்தான் தேடினேன். இருந்தது. பக்கத்தில் புதிய ரேம் ஒன்றும் இருந்தது. பிழை மட்டும் போகவில்லை. திருத்த முடியாததுபோல் நடிக்கிறார் என்று நினைத்தேன்.

நானா எழுத்துருக் கோப்புறையைத் திறந்தார். எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன.

“தொடங்கக்குள்ள எல்லாப் பொன்டையும் இது வாசிக்கும். பழசு, தாங்காது. ரேமில பிழையில்ல.”

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தவரின் கை ஓரிடத்தில் நின்றது.

“இது நான் வரைஞ்ச பொன்ட். ஒருத்தருக்கும் குடுக்கல்ல. இஞ்ச எப்பிடி வந்த?”

போன வருடம், தன் கடையைப் பார்த்துக்கொள்ள என்னிடம் சொல்லிவிட்டு அவர் தொழப் போனபோது, என் சட்டைப்பையில் பென்டிரைவ் இருந்தது.