ஆடிச் சீர் ரேடியோ

எளாவூருக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில் பிறந்த துளசிராமன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். கும்மிடிப்பூண்டியில் ஓர் அரிசி மில்லில் சூப்பர்வைசர். அவன் மேய்ப்பதற்கு மில்லில் மொத்தம் ஆறேழு பேர்தான் என்றாலும் சூப்பர்வைசர் சூப்பர்வைசர்தானே. சட்டைப் பையில் பேனா இல்லாமல் வயல் வரப்புக்குக்கூடப் போகமாட்டான். கெட்டவன் இல்லை, கொஞ்சம் வீறாப்பு. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில்தான் அவனுக்கே தெரிந்தது.

அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் பொதட்டூர்பேட்டை, பேர் சின்னப்பொண்ணு. ஆடி பிறந்ததும் புதுப்பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி, அவள் அப்பா ராஜமாணிக்கம் வந்து மகளை அழைத்துப் போனார். பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளையையும் வரவழைத்து விருந்து போட்டு, சீராக ஒரு ரேடியோ கொடுத்தார். சிலோன் ஸ்டேஷன் எடுக்கிற ரேடியோ. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை யாரிடமோ சொன்ன ஆசையைக் காதில் வாங்கி, மனசில் வைத்திருந்திருக்கிறார் மனுஷர். துளசிராமன் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்தான்.

மறுநாள் ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். "மத்தியானம் கோயிலாண்ட வாங்க, சிலோன் பாட்டு போட்றேன்" என்று தெருத் தெருவாகச் சொல்லி வைத்துவிட்டான். காலையில் வீட்டில் கணீரென்றுதான் பாடியது. உச்சிப் பொழுதுக்குக் கூழ்ப் பந்தலில் ஊரே கூடி நிற்க, ரேடியோவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் காதைத் திருகினான். பாதிப் பாட்டு வந்தது. அப்புறம் யாரோ பாட்டுக்காரனைக் கிணற்றுக்குள் இறக்கினதுபோலக் குரல் தேய்ந்து தேய்ந்து காணாமல் போய், வெறும் இரைச்சல் மிஞ்சியது.

திருகினான். தட்டினான். புது பேட்டரி வாங்கி வந்து போட்டான். இரைச்சல் நின்றபாடில்லை.

"இன்னாடா துளசி, உன் மாமியா உள்ள குந்திக்கினு வடாம் பொரிக்கிறாங்களா?" என்றார் டீக்கடை தணிகாசலம். பந்தலே சிரித்தது.

"மெட்ராஸ் ஸ்டேஷன வெச்சித்தான் பாரேன்" என்றாள் அவன் அம்மா குப்பம்மாள்.

"நீ சும்மா இரும்மா, உனக்கு இன்னா தெரியும்!" என்று அவள் மேல் எரிந்து விழுந்தான். முள்ளை அந்தப் பக்கம் தள்ளியிருந்தால் பக்கத்திலிருக்கிற மெட்ராஸ் பாடியிருக்கும், பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. காதெல்லாம் சூடேறி நின்றவன், மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பொதட்டூர்பேட்டைக்குக் கிளம்பிவிட்டான்.

மாமனார் அக்கம்பக்கத்தாரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ள" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், ரேடியோவை அவர் காலடியில் மண்ணில் வைத்தான்.

"ஓட்ட ரேடியோவ தலையில கட்டி எங்க மானத்த வாங்கிட்டீங்க. ஆவணியில உங்க பொண்ணு வரணும்னா நல்ல ரேடியோவோட வரட்டும். இல்லாட்டி இங்கியே இருக்கட்டும்."

வீட்டுக்குள் சின்னப்பொண்ணு நிற்பது தெரிந்தது. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தான். ராஜமாணிக்கம் குனிந்து ரேடியோவை எடுத்து மேல்துண்டால் மண்ணைத் துடைத்தார்.

ஒரு வாரம் கழித்து ஆசீர்வாதம் ஊருக்கு வந்தார். மேற்குத் தெருக்காரர், மெட்ராஸ் துறைமுகத்தில் வயர்லெஸ் ரூமில் வேலை. டீக்கடையில் துளசிராமன் தன் ரேடியோக் கதையை ஆரம்பித்ததும் அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கெழம மத்தியானமா? அன்னிக்கு எங்க செட்டே ஊமையாப் பூடிச்சிப்பா. கப்பல்காரன் கத்தறது எங்களுக்குக் கேக்கல, நாங்க கத்தறது அவனுக்குக் கேக்கல. செட்டுல ஒரு கோளாறும் இல்ல. சூரியன்ல புயலாம்."

"சூரியன்ல புயலா?"

"அது மேல கறுப்புத் திட்டு கீதாம். அங்க வெடிச்சி நெருப்பக் கக்கிக்கீது. அந்த வெளிச்சம் இங்க வந்து சேர எட்டே நிமிஷம். சிலோன் பாட்டு வானத்துல பட்டுத் திரும்பித்தான நம்ம ஊட்டுக்கு வருது? அது வர்ற வழியயே கெடுத்துடிச்சி. நம்மளோட உட்டுச்சா? வியாழன் கெரகத்துக்கு அமெரிக்காக்காரன் மிஷின் அனுப்பிக்கிறான் பாரு, பாதி வழியில போய்க்கினு கீற அது மேலயும் அடிச்சிதாம். கெரகம் ஒண்ணு பாக்கியில்லயாம். உன் ரேடியோ எம்மாத்திரம்!"

துளசிராமன் கையிலிருந்த டீ ஆறிப்போனது. ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் சூரியன் கொதித்ததற்கு இவன் போய்ப் பொதட்டூர்பேட்டையில் ஒரு மனுஷரைத் தெருவில் வைத்துக் கேவலப்படுத்திவிட்டு வந்திருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே போயிருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்று தள்ளினான். நாளை வந்ததும், மாப்பிள்ளை போய் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வீறாப்பு முந்திக்கொண்டது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் ராஜமாணிக்கமே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையில் அதே ரேடியோ. தெரு பார்க்க வாசலில் நின்றபடியே கும்பிட்டார்.

"தப்பு என் மேலதான் மாப்ள. பாத்து வாங்கத் தெரியல. திருத்தணியில குடுத்து சரி பண்ணிக் கொண்டாந்துட்டேன். மனசுல வெச்சிக்காதீங்க."

துளசிராமன் ரேடியோவைக் கையில் வாங்கிக்கொண்டான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "சரி, உள்ள வாங்க" என்றான், பெரிய மனசு பண்ணி மன்னித்தவனைப் போல. சூரியனால் வந்த தப்பு ஆடியோடு போயிற்று. இது முழுக்க அவன் செய்தது, அது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ரேடியோ வருஷக்கணக்கில் அந்த வீட்டில் பாடியது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "அன்னிக்கு நான் போய் ஒரு சத்தம் போட்டேன் பாரு, அதான் இன்னிக்கும் பாடுது" என்று துளசிராமன் ஜம்பம் அடிப்பான். சின்னப்பொண்ணு பக்கத்திலேயே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். சொல்லி முடித்த கையோடு அவசரமாக ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவான். மாமனார் பொங்கலுக்குச் சீர் கொண்டுவரும்போது மட்டும் அந்த ஜம்பம் வாயில் வராது. உட்காருங்கள் என்று இவன் சொல்லாமல் அவர் உட்காரமாட்டார்.

எழுபத்தொன்பது பொங்கலுக்கு வந்தபோது அவருக்குக் கை நடுக்கம் கண்டிருந்தது. கரும்புக் கட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததும் துளசிராமனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமா, அந்த ரேடியோ கெட்டே போவல. சூரியன்ல என்னமோ ஆயி, அன்னிக்கு எல்லா ரேடியோவுலயும் சிலோன் அப்டித்தான் இருந்துது. நீங்க ஆவணியில வர்றதுக்கு முன்னியே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன். என்ன மன்னிச்சிடுங்க."

ராஜமாணிக்கம் கரும்பைச் சுவரில் சாய்த்தார். "சூரியன் கதையெல்லாம் எனக்குத் தெரியாது மாப்ள. நீங்க போன நாலஞ்சு நாள்ல அது தானா பாடிச்சி. ரிப்பேர்க் கடைக்கே நான் போவல."

"அப்புறம் ஏன் மாமா தெருவுல நின்னு கும்பிட்டீங்க?"

"பாடுது பாருன்னு உங்க தெருவுல வெச்சிக் காட்டியிருந்தா நீங்க தல குனிஞ்சிருப்பீங்க. தல குனிஞ்ச ஆம்பள, அந்தக் கோவத்த யார் மேல காட்டுவான்? எம் பொண்ணு இந்த ஊட்ல இல்ல இருக்கணும்."

காபியோடு வந்த சின்னப்பொண்ணு, முதல் டம்ளரை அப்பா கையில் கொடுத்தாள். "ஒக்காருங்க நைனா" என்றாள். ரேடியோ தானாகப் பாடியபோது அவளும் அப்பா வீட்டில்தான் இருந்திருக்கிறாள், இத்தனை வருஷமும் அவன் ஜம்பத்தைத் தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள் என்பது துளசிராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் டம்ளரை வாங்கக் கை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.