ஆகஸ்ட் தாளுக்கு ஒரு சூரியன்

செந்தூர்பாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது. சிவகாசியில் சண்முகவேல் அண்ணாச்சியின் அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகக் காலண்டர் வடிவமைக்கிறார். ஊருக்கெல்லாம் முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் தயாரித்துக் கொடுப்பவருக்குச் சொந்தமாகக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். சீசனில் அதுவும் கிடையாது. கடல் படங்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறார். கடலில் கால் நனைத்தது இரண்டே முறை, இரண்டும் மொட்டை போடப் போனபோது.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட மாதிரி ஆல்பம் வெளியாக வேண்டும். பன்னிரண்டு மாதத் தாளில் ஆகஸ்டுக்காவது தான் எடுத்த படம் வர வேண்டும் என்று இந்த முறை வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"எடுத்துட்டு வாய்யா, பாப்போம்" என்றார் அண்ணாச்சி. "ஆனா உதயமா இருக்கணும். அஸ்தமனத்த எந்தக் கடைக்காரன் சுவத்துல மாட்டுவான்?"

புதிதாக ஒரு முதுகுப்பை வாங்கி, சனிக்கிழமை ராமேஸ்வரம் போய், பத்துப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் பிடித்தார். அங்கே பழக்கமானவர்கள் சென்னைப் பிள்ளைகள் இருவர்: ஹரிபிரசாத், அனுப்பிரியா. வேலையை விட்டுவிட்டு ஒரு மாதமாகப் பையும் கையுமாகச் சுற்றுகிறார்கள். பாம்பனுக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவு, விடியுமுன் ஐந்து மணிக்குப் படகு, சேர்ந்தே போவோம் என்றார்கள்.

செந்தூர்பாண்டி நாலு மணிக்குக் குளித்து, பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் எழுந்தது ஏழரைக்கு.

"கோச்சுக்காதீங்கண்ணா. சூரியன் நாளைக்கும் வரும்ல" என்றான் ஹரிபிரசாத்.

"நாளைக்கு எனக்குக் கம்பெனி இருக்கே, தம்பி."

வெயில் ஏறியபின் போய்ச் சேர்ந்த தீவில் அவருடைய பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். எலுமிச்சை சோற்றில் பாதி மணல். அனுப்பிரியா போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். நாற்பது எடுத்துக் கொடுத்தார். பார்த்தவள் அலறினாள்.

"அண்ணா! எல்லாத்துலயும் நாங்க மேல தொங்குறோம். கீழ பாதி வெறும் மணல்!"

"கீள எடம் விடணும்லம்மா. கடை பேரு, போன் நம்பரு எல்லாம் எங்கன வரும்?"

"அப்ப எனக்கு நகைக்கடை போடுங்கண்ணா" என்று ஹரிபிரசாத் தாடையில் கை வைத்து நின்றான்.

"ஒங்க மூஞ்சிக்கு இரும்புக்கடைதான் தம்பி ஒத்துவரும்."

அதன்பின் அன்று முழுக்க அவன் பெயர் இரும்புக்கடை. அவனுடைய செருப்பு ஒன்று அலையில் போய், அதைத் துரத்திப் பிடித்துக் கிளம்பத் தாமதமானது. படகு பாதி வழியில் இருக்கும்போது சூரியன் இறங்கியது. கடல் முழுக்கச் செம்பு. செந்தூர்பாண்டி ஒரே ஒரு படம் எடுத்தார். தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று அவருக்கே தெரிந்தது.

"உதயம்னு சொல்லிடுங்கண்ணா. சூரியன் என்ன போர்டா மாட்டியிருக்கு?" என்றாள் அனுப்பிரியா.

அப்படியே சொல்வதென்று முடிவு செய்தார். பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரும்வரை மனதுக்குள் சொல்லியும் பார்த்தார்.

திங்கட்கிழமை அண்ணாச்சி கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார். "அருமையா இருக்குய்யா. எத்தன மணிக்கு எடுத்தது?"

"சாயந்தரம் ஆறரை, அண்ணாச்சி."

ராகு காலத்தையும் எமகண்டத்தையும் நிமிடம் பிசகாமல் போட்டுப் பழகியவர். நேரத்தைக் கேட்டால் சரியான நேரம்தான் வருகிறது.

அண்ணாச்சிக்கு முகம் விழுந்துவிட்டது. "காலைலன்னு சொல்லியிருந்தா போட்டிருப்பேன்லய்யா. எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பவும் போடலாம் அண்ணாச்சி. நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும்."

"அந்த ரெண்டு பேருல ஒருத்தன் நான்லய்யா."

ஆகஸ்ட் தாளுக்கு இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுக் கடல் ஒன்று போனது. அதில் சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அச்சகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. செந்தூர்பாண்டியும் கேட்கவில்லை. சிவப்பு சற்று மங்கலாக இருந்ததைக் கூட்டிக் கொடுத்தார்.