தெருவுக்கு ஒரு வயர்

என் மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டை உடைத்தது என் சித்தப்பா. ஊரில் கேட்டுப் பாருங்கள், என் கிட்டார் பெடல்தான் உடைத்தது என்பார்கள். வாயில் நல்லா வருது. சவுக்குக் கம்பைத் தூக்கிய மனுசனை விட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீலப் பெட்டியைக் குற்றம் சொல்கிற ஊர் எங்கள் ஊர்.

மாப்பிள்ளை என்றால் என் தாய்மாமன் மகன். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். நான் மேலத்தெரு, அவன் கீழத்தெரு. நான் பேஸ் கிட்டார், அவன் ட்ரம்ஸ். பாட்டும் லீட் கிட்டாரும் கடலோர மண்டபம் ஊர்க்காரன் ஒருவன். அங்கே ஐஸ் கம்பெனி ஒன்றின் காலி அறையில்தான் எங்கள் பயிற்சி. அந்த மீன் வாடை ஆம்ப்ளிஃபயரை விட்டு இன்னும் போகவில்லை.

ராக் பேண்டில் பேஸ்காரனை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். கோரஸ் பெடல் என்கிற அந்த நீலப் பெட்டி வந்த பிறகுதான் எனக்கு மரியாதை வந்தது. அது செய்வது சின்ன வேலை. நான் வாசிப்பதை நகலெடுத்து, நகலை ஒரு மயிரிழை பிந்த வைத்து, சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, அசலோடு சேர்த்துவிடும். கல்யாண வீட்டில் இரண்டு அத்தைமார் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடினால் ஒருத்தி கொஞ்சம் பிந்துவாள் அல்லவா, அதில்தானே பாட்டுக்குச் சதை பிடிக்கும். அந்த மாதிரி. அளவு மிஞ்சினால் தடித்த கம்பிகள் கலங்கிச் சேறாகிவிடும். அதனால் அசைவைக் குறைத்து வைத்து, மெல்லிய கம்பிகளில் வாசிக்க வேண்டும். முதன்முதலில் அதைக் கேட்ட மாப்பிள்ளை அடிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஏலே, நீ ஒருத்தன்தானே வாசிக்கிற? ரெண்டு பேரு இருக்காப்புல இருக்குலே" என்றான். நான் தரையில் நிற்கவில்லை.

எங்கள் ஊர் முளைப்பாரித் திருவிழா அடிதடியால் பல வருடம் நின்று கிடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த தெருக்கள்தான், ஆனாலும் ஆகாது. மறுபடி நடத்தியபோது ஓர் ஏற்பாடு செய்தார்கள். எதுவானாலும் சரிபாதி. டியூப் லைட் சரிபாதி. கிடாக்கறி தராசில் நிறுத்துச் சரிபாதி. மைக்செட் இரண்டு தெருவிலும் சேராத தேவிபட்டினத்துக்காரர்தான் போட வேண்டும். மேடை பொட்டலின் நடுவில். ஒரு பக்கத்து ஸ்பீக்கர் பாக்ஸ் மேலத்தெருவைப் பார்க்கும், மறுபக்கத்துப் பாக்ஸ் கீழத்தெருவைப் பார்க்கும்.

அந்த மேடையில் நாங்கள் ஏற வேண்டும் என்று மாப்பிள்ளை இரண்டு தெருவிலும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கடைசியில் அவன் அண்ணன்தான் கமிட்டியில் பேசிச் சம்மதம் வாங்கித் தந்தார். "உங்களால சண்டை வந்துச்சு, உங்க ரெண்டு பேரு கையிதான்டா ஜாமீன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

பெடலில் சத்தம் வெளியே போக இரண்டு வாய் உண்டு. ஒரு வயர் போட்டால் அசலும் நகலும் பெட்டிக்குள்ளேயே கலந்து வரும். இரண்டு போட்டால் ஒன்றில் அசல், மற்றதில் வெறும் நகல். இரண்டும் வெளியே காற்றில் கலக்க வேண்டும். ஐஸ் அறையில் ஆம்ப்ளிஃபயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் அது அமிர்தமாகக் கேட்டது. மேடையில் என் வயர்களைப் பார்த்த மைக்செட்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"ரெண்டு வயரா தம்பி? ரொம்ப நல்லதாப் போச்சு. தெருவுக்கு ஒன்னு போட்ருவோம். ஒரு பய பேசமாட்டான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறெப்படிப் படும்?

பொழுது சாயும் நேரம். அம்மன் பாட்டை ராக்காக மாற்றியிருந்தோம். தொடக்கத்தில் பேஸ் மட்டும். மேடையில் எங்களுக்கு எல்லாம் சரியாகக் கேட்டது. கீழத்தெருவுக்கோ நகல் மட்டும் போய்க்கொண்டிருந்தது, சுருதி ஏறி இறங்கி, தேய்ந்த கேசட் மாதிரி. மேலத்தெருவுக்கு அசல் மட்டும், மொட்டையாக.

"எங்க தெருவுக்கு மட்டும் சாமி பாட்டு நொண்டுது பாருய்யா!" என்று கீழத்தெருவில் ஒருவர் எழுந்தார். டியூப் லைட்டைச் சரிபார்ப்பதைப் போல மேலத்தெருப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு, "அங்கன சுத்தமாக் கேக்குதுடா!" என்று கத்தினார். அதே நேரம் எங்கள் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் போய்க் கேட்டுவிட்டு ஓடிவந்தார். "அவிங்களுக்கு மட்டும் ஆடி ஆடி வருது, ஸ்பெஷல் சத்தம். நமக்கு மொட்டை!"

அட பாவிகளா! இரண்டு கூட்டமும் நடுப்பொட்டலில்தான் மோதின. கோரஸ் ஒழுங்காகக் கேட்டிருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். அங்கே எவனுக்குக் காது இருந்தது? பந்தல் கம்புகளைப் பிடுங்கினார்கள். டியூப் லைட்டுகள் மண்டையில் வெடித்தன. பிளாஸ்டிக் நாற்காலி பறந்து வந்து மண்டபத்துக்காரன் நெற்றியைப் பிளந்தது. முளைப்பாரிச் சட்டிகளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்குப் பெண் தரப் பேசிப்போன ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரின் காதைக் கடித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

என் சித்தப்பா சவுக்குக் கம்போடு மேடை ஏறினார். ட்ரம்ஸ்காரன் கீழத்தெரு, ஆகவே ட்ரம்ஸும் கீழத்தெரு. அவ்வளவுதான் அவர் கணக்கு. மாப்பிள்ளை, தாளத்துக்கு அறை விழுகிற ஸ்னேர் ட்ரம்மின் மேல் குனிந்து இடது கையைத் தூக்கினான்.

"மாமா, இதை விட்ருங்க மாமா!"

கம்பு இறங்கியது. ட்ரம்ஸுக்கு வைத்த மைக் அணையவில்லை. எலும்பு முறிந்த அந்தச் சத்தம் மட்டும் இரண்டு தெருவுக்கும் ஒரே மாதிரி கேட்டது.

நான் பேஸைக் கழுத்தைப் பிடித்துச் சுழற்றிச் சித்தப்பாவின் தோளில் போட்டேன். விழுந்தவரை மறுபடியும் போட்டேன். யாரோ என்னைக் கட்டிப் பிடிக்காவிட்டால் கொன்றிருப்பேன். அதில் எனக்குத் துளி வருத்தமில்லை.

ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். விரல் அசையும், பிடி நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். ஸ்னேரை அடிக்கிற கை அது. அந்தக் கை இல்லாமல் ட்ரம்ஸ்காரன் ஏது?

சமாதானப் பேச்சு சமுதாயக் கூடத்தில் நடந்தது. பகல் வெயில், மேலே ஃபேன் ஓடவில்லை. உடைந்த லைட், மிதிபட்ட சட்டி எல்லாம் பேசி முடிந்ததும் மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"எல்லாத்துலயும் சரிபாதின்னு பேசினோம். கையிதான் ஜாமீன்னும் சொன்னேன். எங்க தெருவுல ஒரு கை போயிருச்சு. வயரு போட்டது இந்தா இவன். உங்க தெருக் கை ஒன்னு வைங்க."

வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். அவர் கையில் கடப்பாரை இருந்தது. கீழத்தெரு மொத்தமும் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டது. என்னைவிட உயரமான மனிதர் என்னைப் பெற்ற அய்யா. அவர் என் இடது கையை இழுத்துத் தன் துண்டுக்குள் மூடிக்கொண்டார்.

மாவுக்கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வந்தான்.

"அண்ணே, போனது என் கை. எனக்குச் சரிபாதி வேணாம்."

"நீ சும்மா இருடா."

"அவன் கையும் போயிருச்சுன்னா நான் யாரு கூடண்ணே வாசிக்க?"

அண்ணன் கடப்பாரையைச் சுவரில் எறிந்தார். காரை பெயர்ந்து விழுந்தது. அத்தனை பேர் நடுவில் நான் வாய்விட்டு அழுதேன்.

திருவிழா மறுபடி நின்றுவிட்டது. நாங்கள் மண்டபம் ஐஸ் அறையில் இன்னும் வாசிக்கிறோம். மாப்பிள்ளைக்கு வலது கையும் இரண்டு காலும். இடது கையில் குச்சியை டேப் சுற்றிக் கட்டிப் பார்த்தோம், நழுவிவிட்டது. ஸ்னேர் விழ வேண்டிய இடங்களில் நான் கம்பியைக் கட்டை விரலால் அறைகிறேன். பெடலில் ஒரு வயர்தான், மற்ற வாயைப் பசை வைத்து அடைத்துவிட்டேன்.

போன வாரம் ஒரு பாட்டு முடிந்ததும் கேட்டேன். "மாப்ள, ரெண்டு பேரு இருக்காப்புல இருக்கா?"

அவன் தன் இடது கையைப் பார்த்தான்.

"ஒன்னரை இருக்குலே" என்றான். வலது கைக் குச்சியால் விளிம்பில் தட்டி, அடுத்த பாட்டுக்குத் தாளம் கொடுத்தான்.